சுரண்டினால் வராத பொட்டு

செப்டம்பர் 1, திங்கள்

முதலிலேயே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறத்தியார் சொல்லி வெளியே வருவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து, வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி வருகிறேன். நேற்றுத்தான் தெரிந்தது, நான் கும்பிட்டது வெறும் படம் காட்டுகிற மானிட்டராம். கம்ப்யூட்டர் என்பது மேஜைக்கு அடியில் கிடக்கும் கறுப்புப் பெட்டியாம். அதன் மேல்தான் இத்தனை வருஷமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உயரம் வாகாக இருக்கும். மார்கழியில் பாதத்துக்கு இதமான சூடு வேறு.

"ஸ்டெபிலைசர்னு நெனச்சேன்டி" என்றேன் பாண்டிமீனாவிடம்.

"அதை எதுல மதினி ஆன் பண்ணுவீங்க?"

"கட்டைவிரல்ல. கால் கட்டைவிரல்ல."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

மீனா என் வீட்டுக்காரரின் தங்கச்சி. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மூக்கில் சளியோடு, ஜடை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள். இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கே புத்தி எழுதுகிறாள். கம்ப்யூட்டரைக் காலையில் எழுப்பி, வேலை வாங்கி, சாயங்காலம் படுக்கப்போடுகிற மேஸ்திரி ஒன்று உள்ளே இருக்கிறதாம். சிஸ்டம் என்கிறார்கள். அந்த மேஸ்திரியைத் தமிழ் பேசவைத்து, சின்னக் கடைக்காரர்களுக்காகப் புதிதாகச் செய்கிறார்கள். ஊர் ஊராகச் சில கடைகளில் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று என் மாரீஸ் எம்பிராய்டரி, அருப்புக்கோட்டை.

நான் செய்ய வேண்டியது, தினமும் கம்ப்யூட்டரோடு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை அதைப் போட்டோ எடுத்து மீனாவுக்கு அனுப்ப வேண்டும். அவளுடைய மேனேஜர் ரகோத்தமன் சார் படிப்பார். நான் அஞ்சாவதுதான் படித்திருக்கிறேன், என்ன எழுத என்று கேட்டேன். "நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க மதினி" என்றாள். நான் பேசுகிற மாதிரி எழுதினால் பேப்பர் பத்தாது.

சார், வணக்கம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மீனா போனில் சொல்லச் சொல்ல, பழைய சிஸ்டத்தில் இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிய பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தேன். அவள் அதைப் படமாக அனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது என்று காட்டுகிற பக்கமாம். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். நம்பருக்கு நடுவில் புள்ளி. புள்ளிக்குப் பிறகு இன்னும் நம்பர்.

"என்ன புரியுது மதினி?"

"ஜாதகம் மாதிரி இருக்கு. இதுல ராகு எங்க, கேது எங்க?"

"அதேதான். ஜோசியக்காரருக்கு மட்டும் புரியும்."

மேனேஜர் சார் சொல்வது, இந்த ஜாதகமே வேண்டாம், சனங்கள் பயந்துவிடுவார்கள், எல்லாவற்றையும் ஒளித்துவிடலாம் என்று. உள்ளே ஏதாவது கோளாறு என்றால் மட்டும் ஒரு சின்ன அடையாளம் காட்டினால் போதுமாம். மீனா சொல்வது, ஒளிக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம், நம் பாஷையில் சொல்லுவோம் என்று. அப்படி ஒரு பக்கம் அவளே எழுதி வைத்திருக்கிறாள். ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதினாளாம். இப்போது போட்டிருக்கும் சிஸ்டத்தில் அது இல்லை. எங்கள் குறிப்புகளை எல்லாம் படித்துவிட்டு, அவள் பக்கத்தைச் சேர்ப்பதா தூக்கிப்போடுவதா என்று மாசக் கடைசியில் முடிவு செய்வார்களாம்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். காட்ட மாட்டாளாம். அடையாளம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதையும் சொல்லக் கூடாதாம். முன்கூட்டிச் சொன்னால் பரீட்சைக்குக் கேள்வித்தாளைக் கொடுத்த மாதிரியாம்.

எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் மீனாவின் பக்கம் நன்றாகத்தான் இருக்கும். அவள் என் நாத்தனார் என்பதற்காக இதை எழுதவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஆவணி முகூர்த்தம். கடையில் நிற்க இடமில்லை. டெய்லர் அந்தோணியம்மாள் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைத் துணி அத்தனையையும் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். மணப்பெண்ணின் ரவிக்கை முதுகுக்கு மயில் வேண்டும், ஆனால் யாரும் போட்டிராத மயிலாக வேண்டும்.

"மயிலுன்னா ஒரே மயிலுதானக்கா" என்றாள்.

"உன் வீட்டுல ஒரே மயிலு. என் பெட்டிக்குள்ள கூட்டமே இருக்கு" என்றேன்.

வேலை தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் முதலில் பென்சிலால் பேப்பரில் வரைவேன். பிறகு கம்ப்யூட்டரில் அதைத் தையலாக மாற்றுவேன். எந்த நூல் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அதுதான் பெரிய பாடு. முடித்து பென்டிரைவில் ஏற்றி எம்பிராய்டரி மெஷினில் சொருகினால் அது தைத்துத் தள்ளும். கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு பேப்பரை வைத்துக்கொள்வதில்லை. அடுப்புப் பற்றவைக்க உதவும்.

வேர்வை தாங்காமல் முகம் கழுவப் போனேன். முகம் கழுவும் முன் நெற்றிப் பொட்டை எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுவது என் வழக்கம். வீட்டுக் கண்ணாடியில் ஒட்டுவதுபோலத்தான். திரும்பி வந்து எடுக்கப் பார்த்தால் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. நான் வைத்திருந்தது மெரூன். என்றைக்கோ ஒட்டி மறந்ததாக இருக்கும். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பசை காய்ந்துபோயிருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மூலை முழுக்கப் பளபளவென்று ஆனதே தவிர, பொட்டு அசையவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், மானிட்டரும் சுமங்கலிதான்.

சிஸ்டம் நன்றாக ஓடுகிறது, சார்.

செப்டம்பர் 6, சனி

தண்ணீர் வந்தது. கம்ப்யூட்டரும் ஓடியது. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் மேஜைக்கு அடியில் பல்லி சொன்னது. டக், டக், டக். நிறுத்தி மறுபடி டக், டக். குனிந்து பார்த்தேன், ஆளைக் காணோம். பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது போல. தென்கிழக்கு மூலை. பஞ்சாங்கத்தில் பார்த்தால் உறவினர் வருகை என்று போட்டிருந்தது. அரிசி கொஞ்சம் கூடவே ஊறப்போட்டேன்.

(இனிமேல் பெட்டி மேல் கால் வைப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு முக்காலி வாங்கியிருக்கிறேன். பெட்டி அளவுக்கு வாகாக இல்லை.)

செப்டம்பர் 9, செவ்வாய்

பல்லி விடாமல் சொல்கிறது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "இம்புட்டுச் சொல்லுதுன்னா சொந்தக்காரன் குடும்பத்தோட வாரான்" என்றார். அவர் நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அந்த லாரியில் ஒரு மஞ்சள் விளக்கு வாங்கிய நாளிலிருந்து எரிகிறது. என்ன விளக்கு என்று கேட்டால், "அது அப்படித்தான் எரியும்" என்பார்.

கம்ப்யூட்டர் இன்று கொஞ்சம் மெதுவாகப் போகிறது. ஒரு டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டு ரசம் தாளித்துவிட்டு வந்தேன், சரியாக இருந்தது. மயிலை முடித்து பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். கழுத்தைத் திருப்பித் தன் தோகையையே பார்க்கிற மயில். அந்தோணியம்மாள் பார்த்துவிட்டுப் பேச்சு மூச்சில்லை. அவளைப் பேசாமல் இருக்கவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று என் கவனக்குறைவால் என் டிசைன் எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டேன். எந்தப் பொத்தானை அமுக்கினேன் என்று நினைவில்லை. கம்ப்யூட்டர் மேல் தப்பு இல்லை. புது சிஸ்டம் மேல் தப்பு இல்லை. அதை எழுதியவர்கள் மேல் தப்பே இல்லை. சிஸ்டம் மிக மிக நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
சௌ. மாரீஸ்வரி

பி.கு. மயில் பென்டிரைவில் இருந்ததால் தப்பியது. கல்யாணம் தடையில்லாமல் நடக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெங்காயம் நிறைய நறுக்கினேன். "ஒரு சாம்பாருக்கு இம்புட்டு வெங்காயமா?" என்றார் வீட்டுக்காரர். வெங்காய சாம்பார் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பஞ்சாங்கம் பொய் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் மீனா வந்து இறங்கிவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"எப்படி அழிச்சீங்க மதினி? செஞ்சு காட்டுங்க."

"காப்பி குடிக்கிறியா?"

"காட்டுங்கன்னேன்."

"அமுக்கினேன். போயிருச்சு."

"எதை?"

"நீளமா ஒண்ணு இருக்குமே."

"அது எழுத்துக்கு நடுவுல இடம் விடுறது. அதை அமுக்கினா எதுவும் அழியாது."

"அப்ப அதுக்குப் பக்கத்துல இருக்கிறது."

"நீங்களா அழிச்சா குப்பைத்தொட்டில கெடக்கும் மதினி. நான் எடுத்துத் தந்துருவேன். தள்ளுங்க."

பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். என்னவோ தட்டினாள். ஒரு பக்கம் வந்தது. அதுவரை அதை நான் பார்த்ததில்லை. தமிழ். பெரிய எழுத்து. கண்ணாடி போடாமலே படித்தேன்.

உங்கள் வேலைகளைச் சேமிக்கும் வட்டு நலமாக இருக்கிறது. புதியது. இதுவரை மொத்தம் பதினாறு மணி நேரம் ஓடியிருக்கிறது.

இதுதான் அவள் ஒரு வருஷம் எழுதிய பக்கம். எவ்வளவு லட்சணமாக இருந்தது! நான் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி. இந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து எத்தன வருஷம் ஆச்சு?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒட்டடை அடித்து நாளாயிற்று.

"பழைய வட்டு எங்க?"

இட்லி மாவுச் சட்டியின் மூடிமேல் கனத்துக்கு வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். நல்ல கனம். மாவு பொங்கினாலும் மூடி நகராது.

இதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குருசாமி வந்து பெட்டியைத் திறந்தார். பல்லியைக் காணோம். டக் டக் என்றது அந்த வட்டு. சாகப்போகும் வட்டு அப்படித்தான் சொல்லுமாம். நகல் இல்லை என்றால் அதில் இருந்தது போனதுதான் என்று சொல்லிவிட்டுப் புது வட்டு ஒன்றைப் போட்டார். "திரையில செவப்பா ஒரு புள்ளி வந்திருக்குமே, பாக்கலையா? இந்தப் புதுச் சிஸ்டத்துல அதான் எச்சரிக்கையாம்" என்றார். வேறொரு கடையில் பார்த்திருக்கிறார். அதை மவுஸால் தொட்டு அமுக்கியிருந்தால் விவரம் வந்திருக்குமாம்.

நான் அமுக்கவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

"இதை ஏன் எழுதல?" என்றாள் மீனா.

"சிஸ்டம் நீ எழுதினது. புள்ளியும் நீ எழுதினதாத்தான் இருக்கும்னு நெனச்சேன். உங்க சார் இதப் படிச்சா உன்னத்தானே ஏசுவாரு? அதான் நானே பழியப் போட்டுக்கிட்டேன். எனக்கென்ன, என்னைய வேலைய விட்டா தூக்கப்போறாக?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு மாசமா அந்தப் புள்ளி வேண்டாம்னு சண்ட போட்டதே நான்தான் மதினி. சார் சொன்னாருன்னு எழுதிக் குடுத்தேன். புள்ளி போதும், எல்லாரும் கவனிப்பாங்கங்கிறாரு. கவனிக்க மாட்டாங்கன்னு காட்ட என்கிட்ட ஒரு ஆதாரம்கூட இல்ல. ஊர் பூராத் தேடுன ஆதாரம் நம்ம வீட்டுலயே நடந்துருக்கு. நீங்க அத மாவுச் சட்டி மேல வச்சு மூடிட்டீங்க."

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவரை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டேன். வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

"எல்லாமே போச்சா மதினி? என் கல்யாண ரவிக்கைல போட்ட அன்னம்கூடவா?"

"அதுவும்தான்."

மீனா அழுதுவிட்டாள். நான் அவளிடம் வெங்காயம் எதுவும் கொடுக்கவில்லை.

"ஏண்டி, அழுறதுக்கு என்ன இருக்கு. வட்டுலதான் இல்ல. உன் ரவிக்க பீரோல இல்லயா?" என்று சும்மா சமாதானத்துக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

செப்டம்பர் 15, திங்கள்

மேனேஜர் சாருக்கு. செப்டம்பர் 11 அன்று எழுதியது பொய். நான் எதையும் அழிக்கவில்லை. வட்டு பழுதாகப் போகிறது என்று சிஸ்டம் எனக்குச் சொன்னது. நான் அதைப் பொட்டு என்று நினைத்தேன். பெட்டியும் சொன்னது. அதைப் பல்லி என்று நினைத்தேன். ஒரு வாரம் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. நான் மட்டி என்று நீங்கள் நினைத்தால் பரவாயில்லை. ஆனால் உங்கள் சிஸ்டத்தை வாங்கப்போகிறவர்களில் பொட்டு வைக்கிறவர்கள் நிறையப் பேர், அதையும் பாருங்கள்.

இதற்குக் கையெழுத்து தேவையில்லை. உண்மைதான்.

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி கல்யாணம் இல்லை, வேலை குறைவு. ஆனால் கடையில் கூட்டம். அந்தோணியம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அது மைக் செட்டில் சொன்ன மாதிரி. அவரவர் பீரோவில் இருந்த பழைய ரவிக்கையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விரித்துப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். யாளி வந்தது. கொடி மல்லிகை வந்தது. தேர் வந்தது, அதில் ஒரு சக்கரத்தில் எலி கடித்திருந்தது. என் முதல் மாங்காய் வந்தது. அது மாங்காய் மாதிரியே இல்லை, ஆனாலும் அந்தம்மா இத்தனை வருஷம் போட்டிருந்திருக்கிறாள்.

எனக்கு நகல் இல்லை என்று குருசாமி சொன்னாரே! அருப்புக்கோட்டையில் பாதிப் பெண்கள் முதுகில் நடமாடிக்கொண்டிருக்கிறது என் நகல்.

எல்லாம் வராது. வெளியூர் போனவை போனவைதான். அன்னம் வந்துவிட்டது. மீனா கூரியரில் அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு சின்னப் புது வட்டும் இருந்தது. அதில் தினமும் நகல் எடுக்க வேண்டுமாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டி எழுதியிருந்தாள்: இதை மாவுச் சட்டியில் வைக்கக் கூடாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மீனா வந்திருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வட்டு பழுதானால் அவள் பக்கம் என்ன சொல்லும் என்று வாசித்துக் காட்டினாள்.

"தங்கள் சேமிப்பு வட்டில் பிழையான பகுதிகளின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறியுள்ளது."

"இது என்ன, நகராட்சி நோட்டீஸா?"

"ஏன், தமிழ்தான மதினி?"

"தமிழுதான். வரி கட்டணுமோன்னு பயமா இருக்கு. உன் புள்ளிக்கு இது தேவலைன்னு சொல்ல மாட்டேன். புள்ளிய நான் பொட்டுன்னு நெனச்சேன். இத ஆபீஸ் விஷயம்னு நெனச்சு மூடிருப்பேன்."

அவள் முகம் சுருங்கிப்போனது. இரண்டாம் வகுப்பில் ரேங்க் கார்டு காட்டும்போது இருந்த அதே முகம். ஆனால் எழுந்து போகவில்லை. "அப்ப நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள்.

"அடுப்புல பால் பொங்குது, நான் கொல்லையில நிக்கிறேன். நீ உள்ள இருந்து என்ன கத்துவ? பாலின் கொதிநிலை வரம்ப மீறிருச்சுன்னா கத்துவ?"

கீரை முடியும் வரை இரண்டு பேரும் வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டினோம். வட்டு என்றால் எல்லோருக்கும் புரியுமா என்று நான் கேட்டேன். வட்டு என்கிற பெயர் இல்லாவிட்டால் கடையில் போய் என்னவென்று கேட்பீர்கள் என்று அவள் கேட்டாள். அது நியாயம். கடைசியில் இது நின்றது:

உங்கள் வேலைகள் இருக்கும் வட்டு பழுதாகிறது. இன்றே வேறிடத்தில் நகல் எடுங்கள்.

"இன்றே" வேண்டாம், பதற்றமாக இருக்கிறது என்றாள். பதறட்டும் என்றேன். "இன்றே" இருந்தே ஆக வேண்டும் என்று கீரைத் தண்டை ஆட்டிச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

மதியம் குருசாமியை வரச்சொல்லிக் காட்டினோம். "அக்காவுக்கு இது போதும். எனக்குப் பத்தாது. என்ன கம்பெனி, என்ன மாடல், எவ்வளவு ஓடியிருக்கு, எனக்கு அந்த ஜாதகம் வேணும்" என்றார். அதற்கும் மீனா இடம் வைத்திருக்கிறாள். அந்த வாக்கியத்தைத் தொட்டால் கீழே விரியும். வேண்டுகிறவர் பார்க்கலாம், வேண்டாதவர் கீரையைப் பார்க்கலாம்.

குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

முடிவு நாள். ரகோத்தமன் சாரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன், வீட்டுக்காரர் கேட்கட்டும் என்று. பக்கத்தில் மீனாவும் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்றார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டுதான் பேசினேன். போனில் தெரியாது, இருந்தாலும்.

"அம்மா, உங்க குறிப்பு எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் புள்ளிக்குப் பதிலா, வட்டு பழுதாகுதுன்னு எழுத்துல வந்திருந்தா நீங்க பயந்திருக்க மாட்டீங்களா?"

"பயந்திருப்பேன் சார்."

"அதைத்தான் நான் சொன்னேன்…"

"பயந்துபோய் பென்டிரைவைத் தேடியிருப்பேன் சார்."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. ஆனா இன்னொண்ணு" என்றார். "உங்க வீட்டுக்காரர் லாரியில மஞ்சள் விளக்கு எப்பவும் எரியுதுன்னு எழுதியிருக்கீங்க. அதனால அவர் அதைப் பாக்கறதே இல்ல. நாங்களும் எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டே இருந்தா, நீங்க படிக்கறதை நிறுத்திடுவீங்களே?"

கெட்டிக்கார மனுஷர். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரிதான் சார். நல்லா இருக்கும்போது நல்லா இருக்குன்னு நாங்க போய்க் கேட்டாச் சொல்லட்டும். தானா வாயத் திறந்தா அதுல ஒரு காரியம் இருக்கணும்" என்றேன்.

"மீனா, எழுதிக்கோ" என்றார் சார்.

"எழுதிட்டேன் சார்" என்றாள் மீனா. அவள் குரலை எனக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

பக்கம் உள்ளே வந்துவிட்டது. புள்ளி போய்விட்டது.

போனை வைத்த பிறகு, "ஏம்மா, அந்த மஞ்ச விளக்கு என்னன்னு நாளைக்கு லாரி ஷெட்டுல கேக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

செப்டம்பர் 29, திங்கள்

எல்லாக் கடைகளுக்கும் புதுசு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலும் இதே சிஸ்டம்தான். அங்கே எனக்கு ஜெராக்ஸ் எடுக்க எதுவும் இல்லை. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தம்பியிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். எல்லாம் நலம் என்று வந்தது.

"பழுதானா என்ன சொல்லும் தெரியுமா?" என்றேன்.

"தெரியலக்கா."

சொன்னேன். அதில் வரும் "இன்றே" என்னுடையது என்றும் சொன்னேன். மிச்சம் முழுக்க என் நாத்தனாருடையது, அவள் சின்னதில் என்னிடம்தான் ஜடை பின்னிக்கொள்வாள் என்றும் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "நேரமாகுதும்மா" என்றார். அவரிடமும் சொன்னேன்.

ரேஷன் கார்டு நகல் இப்போது வீட்டில் நிறைய இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இந்த வருஷம் முறையாகச் செய்தேன். பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, தலை மட்டும் நனையாமல் குளிப்பாட்டுவது போல ஈரத்துணியால் துடைத்து, முக்காலி மேல் ஏற்றி உட்காரவைத்தேன். இத்தனை வருஷம் மிதித்ததற்குச் சேர்த்து, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டேன். பொரி கடலையைத் தலையில் வைத்துப் படைத்தேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். மானிட்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் மூலையில் ஒரு மெரூன் பொட்டு. இது சுரண்டினால் வரும்.

எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்தில் அன்னம் போட்ட மீனாவின் ரவிக்கையை விரித்து வைத்தேன். வீட்டுக்காரர் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தார். மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டதாம்.

மீனா போட்டோ கேட்டாள். அனுப்பினேன். ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினாளாம். மேனேஜர் சார் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அது பெட்டிக்கு முன்பக்கமா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைக் கைவிரலால் ஆன் செய்தேன். யாளியைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே ஒரு வாக்கியம் வந்தது:

கணினி வழக்கத்தைவிட அதிகம் சூடாகிறது. முன்பக்கம் காற்றுப் போகும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

படித்தேன். முழுவதும் புரிந்தது. பார்த்தேன்.

சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. குருசாமி வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பொரியும் ஒரு உடைத்த கடலையும் இருந்தன.